உங்களுக்குத் தெரியுமா? சாயத்தைச் சிதைக்கும் வெள்ளைத் தூள்

காஞ்சிபுரம் பட்டுநூலுக்கு அரக்கு நிறம் ஏற்றி முடித்தபின், தொட்டியில் மிஞ்சும் தண்ணீரிலும் சாயம் தங்கியிருக்கும். டைட்டானியம் டையாக்சைடு என்னும் வெள்ளைத் தூளைக் கலந்து வெயிலில் வைத்தால் அதைச் சிதைக்கலாம்.

▪ இத்தூளின் மூலக்கனிமமான இல்மனைட், குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கிறது.

▪ டைட்டானியம் டையாக்சைடு மின்முனையின் மேல் புற ஊதா ஒளி பட்டால் நீர் பிளவுபடும் என்று 1972-இல் ஜப்பானியர் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் காட்டினர். தூளின் மேல் அந்த ஒளி படும்போது உருவாகும் ஹைட்ராக்சில் தனி உறுப்புகளே சாய மூலக்கூறை உடைக்கின்றன.

▪ நானோ தூளைத் தண்ணீரிலிருந்து வடித்தெடுப்பது பெரும்பாடு. அதனால் நுண்துளைகள் நிறைந்த ஜியோலைட் கனிமத்தின் மேல் அதைப் பதிக்கிறார்கள். ஜியோலைட் சாயத்தையும் பிடித்து வைக்கும்.

▪ எக்ஸ் கதிர்ச் சோதனையில் (செம்புக் கதிர்மூலம்) சுமார் 25.3 டிகிரியில் முகடு எழுந்தால், டைட்டானியம் டையாக்சைடின் நன்கு வேலை செய்யும் ‘அனடேஸ்’ படிக வடிவம் உருவாகியிருக்கிறது என்று பொருள்.

▪ ஆனால் இத்தூளை இயக்கும் புற ஊதாவின் பங்கு வெயிலில் சுமார் 5 சதவீதம்தான்.