நான்கு சக்கரமும் மாறட்டும்

முதல் பனி விழட்டும், பிறகு டயரை மாற்றிக்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம், நேயர்களே. வெப்பநிலை 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினாலே சாதாரண டயரின் ரப்பர் விறைக்கத் தொடங்கும். காய்ந்த தார்ச்சாலையிலும் பிடிமானம் குறையும். குளிர்கால டயரோ கடுங்குளிரிலும் இளக்கமாகவே இருக்கும்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். வாங்கும்போது டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் பொறித்திருக்க வேண்டும். ‘எம் பிளஸ் எஸ்’ என்ற எழுத்துகள் மட்டும் போதாது.

செலவு மிச்சம் என்று முன்சக்கரங்களுக்கு மட்டும் மாட்டிவிடாதீர்கள். முன்பக்கம் சாலையைப் பிடிக்கும், பின்பக்கம் வழுக்கும். வளைவில் வண்டியே சுழன்றுவிடலாம். ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கும் நான்கு டயர்களும் தேவை. அந்த வசதி வண்டி கிளம்பத்தான் உதவும், பிரேக் போட்டு நிற்க உதவாது.

பனிச்சங்கிலி செங்குத்தான மலைப்பாதைகளுக்கானது. அனுமதி உள்ள இடங்களில் மட்டும், எஞ்சின் இயக்கும் சக்கரங்களில் மாட்டி, மெதுவாக ஓட்டுங்கள். பனியில்லாத சாலை வந்ததும் கழற்றிவிடுங்கள்.