இளைப்பாறுதல் இழுக்கன்று

மலைக்கோயில் படிகளில் ஏறும் முதியோர் பலர், இடைவழி மண்டபத்தில் அமரத் தயங்குவதுண்டு. "முன்பெல்லாம் நிற்காமலே ஏறிவிடுவேனே" என்ற ஏக்கமே அதற்குக் காரணம். களைப்பு நீங்கித் தெளிவு பெறுவதை முன்னோர் எத்தகைய சொற்களால் குறித்தனர் என்று நோக்கினால், அத்தயக்கம் வேண்டாதது என்பது விளங்கும்.

சுடுசோறு ஆறுகிறது, புண் ஆறுகிறது, துயருற்ற மனம் ஆறுகிறது, நடந்து இளைத்தவர் இளைப்பாறுகிறார். உடலின் வெம்மை தணிவதற்கும் உள்ளத்தின் வெம்மை தணிவதற்கும் தமிழில் சொல் ஒன்றே. 'அயாவுயிர்த்தல்' என்ற பழஞ்சொல்லும் உண்டு. அயா என்பது தளர்ச்சி. உயிர்த்தல் என்பது மூச்சு விடுதல். தளர்ந்தவர் மூச்சு விட்டு மீண்டும் தெளிவதையே அது உணர்த்துகிறது.

வடமொழியிலும் இக்கருத்தே காணப்படுகிறது. 'சுவாசம்' பிறந்த வேரிலிருந்தே 'ஆசுவாசம்' என்ற சொல்லும் பிறந்தது. மூச்சு சீராகித் தேறுதல், பிறரைத் தேற்றுதல் ஆகிய இரண்டும் அதன் பொருள். மலையாளத்தில் நிம்மதியைக் குறிக்க இச்சொல் இன்றும் அன்றாட வழக்கில் உள்ளது. இந்தியில் சற்று ஓய்வெடுப்பதை 'தம் லேனா' என்பர். மூச்சை எடுத்துக்கொள்ளுதல் என்பது அதன் நேர்ப்பொருள். தெலுங்கில் 'சேததீருட' என்றால் களைப்புத் தீர்தல்.

கடல் கடந்த பிரான்சு நாட்டிலும் ஒரு சான்று உண்டு. 'ரெஸ்டாரண்ட்' என்ற சொல் 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில், தளர்ந்த உடலைத் தேற்றும் சாறு ஒன்றைக் குறித்தது. பின்னர் அதை விற்ற கடைகளுக்கே அப்பெயர் நிலைத்தது.

நம் நாட்டில் இளைப்பாற இடம் அளிப்பது அறமாகவே போற்றப்பட்டது. கோடையில் தண்ணீர்ப் பந்தலும், வழிநெடுகச் சத்திரமும் அதற்குச் சாட்சி. சாலையோரத்துச் சுமைதாங்கிக் கற்களில் பல, கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக நடப்பட்டவை. இறக்கி வைக்க இயலாத சுமையோடு மறைந்தவளின் பெயரால், வழிப்போக்கர்களின் சுமை இறக்கப்பட்டது.

திருவீதி உலா வரும் உற்சவமூர்த்தியும் மண்டகப்படிதோறும் எழுந்தருளி, சற்றே தங்கி, பின்பே புறப்படுகிறார். இறைவனே தங்கிச் செல்லும் வழியில் அடியார் அமர்ந்து செல்வதில் குறையொன்றும் இல்லை. முதியோர் மண்டபத்தில் அமர்ந்து, மூச்சு சீரான பின் அடுத்த படியில் அடி வைக்கலாம். உடன் வரும் இளையோர் அதுவரை பொறுமையுடன் அருகிலிருப்பதும் இறைத்தொண்டே ஆகும்.