வேலியோர ஆடாதோடை: மருந்தும் எச்சரிக்கையும்

ஆடு தொடாத இலை என்பதால் ஆடாதோடையை நம் உழவர்கள் வேலியோரம் நடுகிறார்கள். இதன் இலையிலுள்ள 'வாசிசின்' என்னும் ஆல்கலாய்டை 1888-இல் ஹூப்பர் என்ற வேதியியல் அறிஞர் பிரித்தெடுத்தார். இது மூச்சுக்குழாயை விரிக்கும். சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்தும் வாசிசினை முன்மாதிரியாகக் கொண்டு உருவானதே.

ஆனால் இதே வாசிசின் கருப்பையையும் சுருங்கச் செய்யும். ஆகவே, வீட்டில் கர்ப்பிணிகளுக்கு இருமல் கண்டால் இந்தக் கஷாயத்தைக் கொடுக்கவே கூடாது, கருச்சிதைவு நேரிடலாம். மற்றவர்களும் மருத்துவரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும்.

3, 4 கணுக்கள் உள்ள போத்துகளை மழைக்காலத்தில் நட்டால் எளிதில் வேர்பிடிக்கும். விற்பனைக்கான இலைகளை வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்துங்கள். மீதித் தழை, வயலுக்கு நல்ல பசுந்தழை உரமாகும்.