உதவித் தொகையும் குடிச் சோதனையும்

நம் சங்கங்களின் பொதுக்குழுக்களில் அண்மைக் காலமாக ஒரு யோசனை தலைகாட்டி வருகிறது. சங்கத்தின் பொதுநல நிதியிலிருந்தோ சர்க்காரிடமிருந்தோ உதவி கோருகிறவர், தாம் குடிப்பதில்லை என்பதைச் சோதனை மூலம் மெய்ப்பித்த பிறகே பணம் பெற வேண்டும் என்பதே அது. இதைச் சொல்கிறவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். தறிக்குழியில் கால் மரத்துப்போக உட்கார்ந்து நெய்து, சந்தாவைத் தவறாமல் கட்டுகிற அங்கத்தினர், தம் பணம் சாராயத்துக்குப் போவதை எப்படிப் பொறுப்பார்? அவர் மனக்குறை நியாயமானது. ஆயினும் அவர் சொல்லும் மருந்து அந்நோயைத் தீர்க்குமா என்று ஆராய வேண்டும்.

இக்கேள்வி நம் ஜில்லாவில் வெறும் பேச்சன்று. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். அவர்களில் பெண்களும் இருந்தனர். இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாயும், சிகிச்சை பெற்றோருக்கு 50,000 ரூபாயும் சர்க்கார் அறிவித்தது. குடித்துச் செத்தவனுக்குப் பணம் எதற்கு என்ற கேள்வி தெருவெங்கும் எழுந்தது. சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வழக்காகவும் சென்றது. பணம் இறந்தவர் கைக்குப் போகவில்லை. மனைவிக்கும் மக்களுக்கும் வயது முதிர்ந்த பெற்றோருக்கும் போயிற்று என்பதைக் கேட்டவர்கள் நினைக்கவில்லை.

பீகாரில் 2016 ஏப்ரல் முதல் மதுவிலக்கு அமலில் இருந்தது. கள்ளச்சாராயத்தால் இறந்தோர் குடும்பத்துக்கு உதவி இல்லை என்று அம்மாநில சர்க்கார் பிடிவாதமாக நின்றது. 2022 டிசம்பரில் சாரன் ஜில்லாவில் பலர் இறந்தபோதும், குடித்தால் சாவுதான் என்ற பொருள்படவே முதலமைச்சர் நிதீஷ் குமார் பேசினார். 2023 ஏப்ரலில் மோதிஹாரிப் பக்கம் மீண்டும் சாவுகள் நேர்ந்த பின்னரே 4 லட்சம் ரூபாய் தர இசைந்தார். அதற்கும் ஒரு நிபந்தனை: மதுவிலக்கை ஆதரிப்பதாகக் குடும்பத்தார் எழுதித் தர வேண்டும். கணவனை இழந்தவளிடம் எழுதி வாங்கும் காகிதம் சாராய ஊறலை வற்றச் செய்யுமா?

சோதனையையே சட்டமாக்கிப் பார்த்த இடமும் உண்டு. அமெரிக்காவின் பிளாரிடா மாநிலம் 2011-இல், குழந்தைகளுள்ள ஏழைக் குடும்பங்களுக்கான உதவித் தொகைக்கு மனுச் செய்வோர் போதைப்பொருள் சோதனைக்கு உட்பட வேண்டும் என்று விதித்தது. சில மாதங்களில் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. 2014-இல் மேல் நீதிமன்றமும், காரணமின்றி ஒருவர் உடலைச் சோதிக்கலாகாது என்று உறுதி செய்தது. அதற்குள் சோதிக்கப்பட்டோர் 4,086 பேர். தவறியோர் 108 பேர். நூற்றுக்கு மூவருக்கும் குறைவு! தேறியவர்களுக்குக் கட்டணத்தைத் திருப்பித் தந்த வகையில் மட்டும் 1,18,140 டாலர் செலவாயிற்று. மறுத்து மிச்சம் பிடித்த தொகையைவிட அது அதிகம்.

சோதனை எதைக் காட்டும் என்பதையும் அறிந்திருத்தல் நலம். மூச்சுச் சோதனையில் மது சில மணி நேரமே தென்படும். கஞ்சாவின் தடயமோ சிறுநீரில் பல நாட்கள் நிற்கும். ஆகவே நாள்தோறும் குடிக்கிறவன் ஒரு நாள் பொறுத்துக்கொண்டு வந்தால் தேறிவிடுவான். இருமலுக்கு டாக்டர் கொடுத்த கோடீன் மருந்தைப் பருகியவர் அகப்பட்டுக்கொள்வார். வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள சிற்றூர்வாசி இதற்காகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்தால் ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும் போகும். கல்வராயன் மலையில் ஊறல் போடப்படுகிறது என்பதால் மலையாளி மக்கள் அனைவரையும் சந்தேகிக்கிற வழக்கம் ஏற்கெனவே உண்டு. அதற்கு முத்திரையிட்ட சீட்டு வேறு வேண்டுமா?

இதைவிடப் பெரிய அபாயம் ஒன்றுண்டு. மெத்தனால் உடலுக்குள் பார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது. உடனே சேர்த்தால் மாற்று மருந்தும் ரத்தச் சுத்திகரிப்பும் பலரைக் காப்பாற்றும். நேரம் கடந்தால் பார்வையும் உயிரும் போகும். குடித்ததாகத் தெரிந்தால் உதவி நின்றுவிடும் என்று அஞ்சுகிறவன் வயிற்றுவலி என்று சொல்லி வீட்டிலேயே படுத்திருப்பான்.

சங்கத்து லாரியை ஓட்டுகிறவருக்கும், ஆலையில் கொதிகலன் அருகே நிற்கிறவருக்கும் சோதனை அவசியம் என்பதே நம் கருத்து. அங்கே பிறர் உயிர் அவர் கையில் இருக்கிறது. பசித்தவர் உதவி கேட்பது அத்தகையதன்று.

பணம் சாராயத்துக்குப் போகாதிருக்க வேறு வழிகள் உள்ளன. 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கப்பட்ட மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாயாகக் குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்கிலேயே சேர்க்கப்பட்டது. கணவர் குடிக்கிறாரா என்று எவரும் கேட்கவில்லை. சங்கமும் அவ்வாறே செய்யலாம். பள்ளிக் கட்டணத்தைப் பள்ளியிலேயே கட்டலாம். உதவியைப் பணமாக அன்றி நூலாகவும் உரமாகவும் தரலாம். குடியை விட விரும்புகிறவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லலாம். வரும் பொதுக்குழுவில் இந்த யோசனை எழுமானால், செயலாளர்கள் முதலில் அங்கத்தினர் பதிவேட்டைத் திறந்து, நியமனதாரர் பெயர் எழுதாமல் எத்தனை இடங்கள் வெறுமையாக இருக்கின்றன என்று எண்ணிச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.