ஆடியதால் உதிரவில்லை கண்ணாடி

போஸ்டன் நகரத்து ஜான் ஹான்காக் கோபுரத்தைப் பற்றிப் போன வாரம் இந்தப் பக்கத்தில் நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: “கட்டடம் காற்றில் ஆடியது, அதனால் கண்ணாடிகள் உதிர்ந்தன, பிறகு உச்சியில் பெரிய எடையை வைத்து ஆட்டத்தை அடக்கினார்கள். சரிதானே?” சரியில்லை. தப்பு என்மேல்தான், மூன்று சங்கதிகளை ஒரே மூச்சில் சொல்லியிருக்கக் கூடாது. பக்கம் இன்றிரவு எட்டு மணிக்கு அச்சுக்குப் போகிறது. தனித்தனியே பதில் போட நேரமில்லை என்பதால் எல்லாருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

அந்தக் கட்டடத்துக்கு வந்த நோய் மூன்று. மூன்றும் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை.

ஊர் உலகத்துக்குத் தெரிந்தது கண்ணாடி. 60 மாடி, 241 மீட்டர் உயரம். ஐ.எம். பெய் நிறுவனத்தின் ஹென்றி காப் வடிவமைத்தது. பக்கத்திலேயே 1877-ல் கட்டி முடித்த டிரினிட்டி தேவாலயம் நிற்கிறது. அதை அமுக்கிவிடாமல், வானத்தையும் தேவாலயத்தையும் தன்மேல் காட்டிவிட்டுத் தான் மறைந்துபோகிற கட்டடம் வேண்டும் என்பது காப்பின் ஆசை. அதற்காகத்தான் பளபளக்கும் உலோகப் பூச்சு கொடுத்த இரட்டைக் கண்ணாடி. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 227 கிலோ. 1973 ஜனவரி 20 இரவு அடித்த புயலில் அவை கொத்துக்கொத்தாக உடைந்து விழுந்தன. அதன்பிறகு காற்று மணிக்கு 72 கிலோமீட்டரைத் தாண்டினாலே போலீஸ் வந்து தெருவை அடைத்தது.

காற்றில் விழுந்ததால் காற்றுதான் காரணம் என்று எல்லாரும் நினைத்தார்கள். உண்மையில் குற்றவாளி ஓரத்தில் இருந்தது. இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே விளிம்பைச் சுற்றி ஓர் ஈயப் பட்டை. அதைக் கண்ணாடியோடு பற்றவைத்திருந்தார்கள். வெயில் பட்டால் வெளிக் கண்ணாடி விரியும்; ஏ.சி. பக்கம் இருக்கிற உள் கண்ணாடி அந்த அளவுக்கு விரியாது. போதாததற்குக் காற்று வேறு அதிரவைக்கும். வழக்கமாக இந்த இழுபறியை ஈயம் நெகிழ்ந்து வாங்கிக்கொள்ளும். இங்கே பற்று அளவுக்கு மீறி நன்றாக அமைந்துவிட்டது. ஈயம் விட்டுக்கொடுக்கவில்லை, ஆகவே கண்ணாடி விட்டுக்கொடுத்தது. விளிம்பில் ஒரு சின்னச் சில்லு பெயரும். அங்கிருந்து விரிசல் ஓடும். வேலை மோசமாகச் செய்யப்பட்டிருந்தால் பிழைத்திருக்கும் என்று சொல்லக்கூடிய இடம் கட்டுமானத்தில் அபூர்வம். கடைசியில் உடைந்தது, உடையாதது என்று பார்க்காமல் 10,344 கண்ணாடிகளையும் கழற்றிவிட்டு, சூடேற்றிக் கடினப்படுத்திய ஒற்றைக் கண்ணாடி போட்டார்கள்.

கட்டடம் ஆடவே இல்லை என்றாலும் அந்தக் கண்ணாடிகள் உடைந்திருக்கும் என்பதைக் கவனியுங்கள்.

ஆட்டம் தனி நோய். அது ஆபத்து என்பதைவிட அவஸ்தை; மேல்மாடியில் உட்கார்ந்திருப்பவருக்குக் கப்பலில் போகிற மாதிரி வயிற்றைப் புரட்டும். கட்டடம் அசைந்ததோடு முறுக்கிக்கொள்ளவும் செய்தது. வில்லியம் லெமசூரியர் என்ற பொறியாளரின் மருந்து: 58-வது மாடியின் இரண்டு கோடிகளிலும் ஈயம் நிரப்பிய எஃகுப் பெட்டி ஒவ்வொன்று, தலா 300 டன். மசகு தடவிய எஃகுத் தகட்டின்மேல் அவை வழுக்கும். கட்டடம் ஒரு பக்கம் நகரும்போது எடை நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அதைச் சட்டத்தோடு பிணைத்திருக்கிற வில்சுருள் இழுபட்டு, கட்டடத்தைத் திருப்பி இழுக்கும். ஒன்றுக்குப் பதில் இரண்டு, அதுவும் ஆளுக்கொரு கோடியில் வைத்தது முறுக்கலுக்காக: ஒன்று வடக்கே இழுக்கும்போது இன்னொன்று தெற்கே இழுக்கலாம். அழகான யோசனை. படம் போட ஏற்ற யோசனையும்கூட. அதனால்தான் எல்லாக் கட்டுரையும், என் நாலு வரி உட்பட, இதோடு நின்றுவிடுகிறது.

மூன்றாவது நோய்க்கு அறிகுறியே கிடையாது. என்னை உறுத்துவது அதுதான்.

கட்டமைப்பை மறுபடி ஆராய்ந்த சுவிட்சர்லாந்துப் பொறியாளர் புரூனோ துர்லிமான் ஒரு முடிவுக்கு வந்தார்: குறிப்பிட்ட விதமான காற்றில் இந்தக் கட்டடம் சாய்ந்தே விழலாம். அதுவும் அகலமான பக்கமாக இல்லை, ஒடுங்கிய பக்கமாக. வீட்டில் இருக்கும் பீரோவை நினைத்துக்கொள்ளுங்கள். விழுந்தால் முன்னால் கவிழும் என்று பயப்படுவோம். பக்கவாட்டில் சாயும் என்று யாராவது சொன்னால் சிரிப்போம்.

கணக்கு இப்படிப் போகிறது. அகலமான முகத்தில் காற்று பாய்மரத்தில் மோதுவதுபோல மோதும்; அந்தத் திசையில் சட்டத்தை விறைப்பாக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும், செய்தார்கள். ஒடுங்கிய முகத்தில் காற்றுக்குப் பிடி குறைவு. ஆகவே கட்டடத்தின் நீளவாக்கில் அவ்வளவு விறைப்பு வேண்டாம் என்று கணக்கு சொன்னது. காற்றைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு சரி. விட்டுப்போனது கட்டடத்தின் சொந்த எடை.

தலையில் தண்ணீர்க்குடத்தோடு நடப்பவர் நிமிர்ந்து நடக்கும்வரை குடம் அவருக்கு உதவிதான். ஒரு சாண் சாய்ந்துவிட்டால் அதே குடம் மேலும் சாய்க்கப் பார்க்கும். கட்டடமும் அப்படித்தான். காற்று உச்சியைக் கொஞ்சம் நகர்த்துகிறது. நகர்ந்ததும் மொத்த எடையும் அடிவாரத்துக்கு நேர் மேலே இல்லை. எடையே தள்ளத் தொடங்குகிறது. இன்னும் கொஞ்சம் நகர்கிறது, தள்ளல் கூடுகிறது. சட்டம் விறைப்பாக இருந்தால் இந்தத் தொடர் சீக்கிரமே அடங்கிவிடும். இளக்கமாக இருந்தால் அடங்கும் என்று சொல்ல முடியாது. பொறியாளர்கள் இதற்கு வைத்த பெயர் பி-டெல்டா விளைவு. காற்று முகத்தின் அகலத்தைப் பார்க்கும். எடை அதைப் பார்க்காது, விறைப்பு எவ்வளவு என்பதை மட்டும் பார்க்கும். எந்தத் திசையில் காற்றை நம்பி விறைப்பைக் குறைத்தார்களோ, அந்தத் திசையிலேயே எடை காத்திருந்தது.

அன்றைய கட்டட விதிகள் இந்தக் கணக்கைப் போடச் சொல்லிக் கேட்கவில்லை. ‘விதிப்படி கட்டப்பட்டது’ என்ற சொல்லை அதிகாரிகள் வாயிலிருந்து கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கோபுரம் ஞாபகம் வரும். விதி கேட்ட கேள்விகளுக்கு விடை எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு அர்த்தமில்லை.

கட்டடத்துக்குள் 1,500 டன் எஃகைக் குறுக்குச் சட்டங்களாகக் கொடுத்து நிமிர்த்தினார்கள். செலவு 50 லட்சம் டாலர். வெளியே இருந்து பார்த்தால் ஒரு மாற்றமும் தெரியாது. கண்ணாடியைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்தது. இதைப் பற்றிப் பேச்சில்லை. கண்ணாடி உடைந்ததற்காகத் தொடுத்த வழக்கு ‘சமரச’த்தில் முடிந்தது. இந்தச் சொல்லையும் கொஞ்சம் உரித்துப் பார்க்க வேண்டும்: என்ன நடந்தது என்று யாரும் வெளியே பேசக் கூடாது என்பது அந்தச் சமரசத்தின் ஒரு நிபந்தனை. அடுத்த கோபுரத்துக்கு அடுத்த ஊரில் கண்ணாடி வாங்கப்போகிறவருக்கு அதனால் என்ன லாபம் என்பதை யாரும் விளக்கவில்லை. கட்டடத்தின் அன்றைய சொந்தக்காரர் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மீதிக் கேள்விகள், இடம் இருக்கிற மட்டும்.

யாராவது செத்தார்களா? கண்ணாடி விழுந்து யாரும் சாகவில்லை.

எவ்வளவு தாமதம்? 1971-ல் திறக்க வேண்டியது, 1976-ல் திறந்தது.

செலவு? 7.5 கோடி டாலர் என்று தொடங்கி 17.5 கோடியில் நின்றது.

அந்தத் தேவாலயம்? அஸ்திவாரக் குழியின் தடுப்புச் சுவர் வளைந்ததில் அதன் கட்டுமானம் சேதமானது. வழக்குப் போட்டு, 1 கோடி டாலருக்கு மேல் வாங்கியது. மறைந்து நிற்க ஆசைப்பட்ட கட்டடம் முதலில் செய்த வேலை அது.

வடிவமைத்தவருக்கு என்ன ஆயிற்று? 1977-ல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் இந்தக் கட்டடத்துக்கு விருது கொடுத்தது. 2011-ல் இன்னொன்று.

இப்போது போனால் பார்க்கலாமா? பார்க்கலாம். 2015-லிருந்து பெயர் ‘200 கிளாரண்டன்’.

கண்ணாடி வரும்வரை ஓட்டைகளை எதால் மூடினார்கள்? பிளைவுட். மொத்தம் ஓர் ஏக்கருக்கு மேல். ஊர்க்காரர்கள் ‘பிளைவுட் மாளிகை’ என்றார்கள்.