வலை பீரோவில் புத்தகம்

பழைய மரச்சாமான் ஒன்றை வாங்கி வேறு வேலைக்கு மாற்ற வேண்டும் என்று முதன்முதலாக ஆசைப்படுகிறவர்களுக்கு நான் கை காட்டுவது வலை பீரோவைத்தான். ஃப்ரிட்ஜ் வராத காலத்தில் சமையலறை மூலையில் நின்றதே, அதுதான். கதவில் கம்பி வலை அடித்திருக்கும். உள்ளே பாலும் தயிரும் மீந்த குழம்பும் இருக்கும். எறும்பு ஏறாமலிருக்க நாலு காலுக்கும் அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருப்பார்கள். பழம்பொருள் வாங்கக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போகிறவர்கள் தூணையும் கதவையும் தேடித்தான் போகிறார்கள். வலை பீரோவைத் தேடிக் கிளம்புகிறவர்கள் குறைவு. அதனால் பேரம் பேசலாம்.

இதைப் புத்தக அலமாரியாக்குங்கள். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் ஐப்பசி, கார்த்திகையில் காற்றோட்டம் இல்லாமல் அட்டையில் பூசணம் பூக்கும். வலைக் கதவில் காற்று தாராளமாகப் போய்வரும், எலி மட்டும் போகாது. தட்டுகளும் ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாகச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்.

கடையில் முன்பக்கத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். சாய்த்துப் போடச் சொல்லிக் காலின் அடியைப் பாருங்கள். வருஷக்கணக்காகத் தண்ணீரில் நின்ற கால். இரண்டு விரல் உயரத்துக்குக் கறுத்திருக்கும், திருப்புளி முனையை அழுத்தினால் சதக்கென்று உள்ளே இறங்கும். அதைப் பார்த்துப் பின்வாங்கத் தேவையில்லை, அறுத்து எறிந்துவிடலாம். பின்வாங்க வேண்டிய இடம் வேறு. குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டைகள் இருந்து, அவற்றிலிருந்து மாவு மாதிரி தூள் கொட்டினால், உள்ளே பூச்சி இன்னும் உயிரோடு இருக்கலாம். ஓட்டை மட்டும் இருந்து தூள் இல்லையென்றால் அது பெரும்பாலும் முடிந்துபோன கதை. சந்தேகமென்றால் வீட்டுக்குள் ஏற்றாமல் வெளியிலேயே வைத்து, ஒரு தட்டு தட்டிப் பழைய தூளை உதறிவிட்டு, அடியில் கறுப்புத் தாளை விரித்துச் சில நாள் விடுங்கள். புதுத் தூள் விழுந்தால் தாளில் பளிச்சென்று தெரியும். புத்தகம் வைக்கப்போகிற இடமாயிற்றே, தூளைக் கண்டாலே நான் அடுத்த பீரோவுக்குப் போய்விடுவேன்.

வாங்கி வந்ததும் எல்லோருக்கும் கை பரபரக்கும். உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தொடங்கிவிடுவார்கள். தயவுசெய்து உட்காருங்கள், இன்னொரு டீ குடிக்கலாம். அந்த மரத்தின் மேல் இருப்பதில் பாதி, பாலிஷே இல்லை. தாளித்த எண்ணெயும் அடுப்புப் புகையும் சேர்ந்து படிந்த பிசுக்கு. அதன் மேல் உப்புத்தாளைப் போட்டால் தாள் அடைத்துக்கொள்ளும், பிசுக்கு மரத்துக்குள் இறங்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கொஞ்சம் கலந்து, துணியை நன்றாகப் பிழிந்து, பகுதி பகுதியாகத் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றியெடுங்கள். குழாயைத் திறந்து கழுவ வேண்டாம். நிழலில் உலரட்டும். வெயிலில் நிறுத்தினால் பொருத்துகள் விட்டுக்கொடுக்கும், பலகை வெடிக்கும். பல பீரோக்கள் இந்த ஒரு கழுவலிலேயே பாதி புதிதாகிவிடும்.

அடுத்தது, மரத்தின் மேல் இருப்பது என்ன என்று அதனிடமே கேட்பது. பெயின்ட் கடையில் பாலிஷுக்கென்று விற்கும் ஸ்பிரிட்டில் கொஞ்சம் பஞ்சை நனைத்து, கதவின் உட்பக்கத்தில், யார் கண்ணிலும் படாத ஓர் இடத்தில் அரை நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். எடுக்கும்போது பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்து, அதில் பழுப்பு நிறம் ஏறியிருந்தால் அது அரக்கு பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் அது லாக்கர். இரண்டுக்கும் மசியவில்லையென்றால் வார்னிஷ் அல்லது எனாமலாக இருக்கும்.

அரக்கு என்று தெரிந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. சுரண்டவே வேண்டாம். காய்ந்த அரக்கு எத்தனை வருஷமானாலும் ஸ்பிரிட் பட்டால் கரையும். அதனால் மேலே பூசுகிற புது அரக்கு பழையதோடு கரைந்து ஒன்றாகிவிடும், தனி ஏடாக நிற்காது. பாத்திரம் வைத்த வெள்ளை வட்டங்கள் கூட, ஸ்பிரிட்டில் லேசாக ஈரப்படுத்திய துணியால் மேலோட்டமாக வருடினாலே பெரும்பாலும் மறையும். வார்னிஷுக்கு இந்தக் குணம் கிடையாது. மரத்தச்சர்கள் இன்றும் அரக்கைக் கைவிடாததற்கு இது ஒரு காரணம் என்பேன். பலாசு, இலந்தை போன்ற மரங்களின் கிளையில் ஒட்டிக்கொண்டு வாழும் சின்னப் பூச்சி கசியவிடுவதுதான் அரக்கு. நம் நாட்டில் ஜார்க்கண்ட் பக்கம் அதிகம். ராஞ்சியில் 1924-லேயே அதற்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கிவிட்டார்கள்.

எனாமல் என்றால் கொஞ்சம் கவனம். சமையலறைச் சாமான்களில் பச்சை, நீல எனாமல் அடிப்பது அந்தக் காலத்து வழக்கம். பழைய எனாமலில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். ஆகவே பழைய எனாமலை உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்க விடாதீர்கள், தீயால் வாட்டவும் கூடாது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கிற வீட்டில் இதில் விளையாட்டே வேண்டாம். பெயின்ட் கெட்டியாகப் பிடித்திருந்தால் கழுவி, வாட்டர் பேப்பரை நனைத்து லேசாகச் சொரசொரப்பாக்கி, மேலேயே புதுப் பெயின்ட் அடித்துவிடலாம். அசல் மரம்தான் தெரிய வேண்டும் என்று பிடிவாதமென்றால், ரிமூவர் வாங்கித் திறந்தவெளியில், கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, கீழே பிளாஸ்டிக் விரித்து ஈரமாகவே சுரண்டியெடுங்கள். அந்த ரிமூவரின் ஆவியும் பொல்லாதது. பச்சைப் பீரோவைப் பச்சையாகவே விட்டுவிடுவது என் கட்சி. அடியில் தேக்கு இருக்கும் என்று உரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஏதோ நாட்டு மரம்தான் இருக்கும்.

இப்போது கால். நாலையும் தனித்தனியாக அளந்து அறுத்தால் பீரோ கட்டாயம் ஆடும். சமதளமான தரையில் நிறுத்தி, ஆடுகிற காலுக்கு அட்டை கொடுத்து முதலில் நேராக்குங்கள். அழுகிய உயரத்துக்குச் சற்றுக் கூடுதலான கனமுள்ள ஒரு மரக்கட்டையைத் தரையில் வைத்து, அதன் மேல் பென்சிலைப் படுக்கவைத்துப் பிடித்து, கட்டையோடு தரையில் நகர்த்தியபடியே ஒவ்வொரு காலையும் சுற்றிக் கோடு இழுங்கள். தரையிலிருந்து நாலு காலிலும் கோடு ஒரே உயரத்தில் விழும், தரை எப்படியோ அப்படி. அந்தக் கோட்டில் அறுத்து, அடியில் ரப்பர் புஷ் அடித்துவிட்டால் கால் வேலை முடிந்தது. கீல் ஆணி பிடிக்காமல் சுற்றினால், ஓட்டையில் மருந்து நீக்கிய தீக்குச்சிகளைப் பெவிகாலில் தோய்த்துச் செருகி, காய்ந்த பிறகு திருகுங்கள். துருப்பிடித்த வலையை மாற்றுவதானால், அதைப் பிடித்திருக்கும் ரீப்பரை உடைக்காமல் மெல்ல நெம்பி எடுத்து வையுங்கள். அதே அளவில் புதிதாகக் கிடைப்பது சிரமம்.

தட்டுகளில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அவை தயிர்ச் சட்டிக்கும் முறுக்கு டின்னுக்கும் போட்டவை. ஒரு மீட்டர் நீளத்துக்குப் புத்தகம் அடுக்கினால் இருபது, முப்பது கிலோ சாதாரணமாக வந்துவிடும். மெல்லிய பலகை சில மாதத்தில் நடுவில் தொய்யும். தட்டின் முன்விளிம்பில் நெட்டுவாக்கில் ஒரு கட்டையை ஒட்டி ஆணி அடித்துவிடுங்கள். கட்டையைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைப்பது முக்கியம், பலம் உயரத்தில்தான் இருக்கிறது.

பாலிஷ் போட, அரை லிட்டர் ஸ்பிரிட்டுக்கு நூறு கிராம் தகட்டு அரக்கு. கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, அவ்வப்போது குலுக்கி, ஒரு ராத்திரி ஊறவிட்டு, துணியில் வடிகட்டுங்கள். சூடு காட்ட வேண்டாம், ஸ்பிரிட் தீப்பற்றும். தகர டப்பாவில் வைத்தால் நிறம் கறுக்கும். மரத்தை 120, பிறகு 180, கடைசியாக 220 எண் உப்புத்தாளால் ரேகை ஓடும் போக்கிலேயே தேய்த்துக்கொள்ளுங்கள். குறுக்கே இழுத்த கீறல் பாலிஷ் ஏறியதும் பல்லை இளிக்கும். பழைய அரக்கின் மேலேயே போடுகிறவர்களுக்கு 220 ஒன்றே போதும், அதுவும் மேலாக. பழைய மல் வேட்டித் துண்டில் பஞ்சைச் சுருட்டி, கரைசலில் தோய்த்துப் பிழிந்து, நீளமாக ஒரே ஓட்டமாக இழுக்க வேண்டும். பஞ்சு ஓரிடத்தில் நின்றால் அங்கே தழும்பு விழும். விட்டுப்போன இடத்துக்கு உடனே திரும்பாதீர்கள், காய்ந்த பிறகு அடுத்த பூச்சில் பார்த்துக்கொள்ளலாம். இதையெல்லாம் மழைக்காலத்தில் செய்தால் காற்றின் ஈரத்தில் பூச்சு பால் மாதிரி வெளுக்கும். தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சூடான டம்ளரும் தண்ணீரும் படுகிற மேஜை என்றால் அரக்கைச் சொல்லமாட்டேன், பி.யூ. (பாலியூரித்தேன்) போடுங்கள் என்பேன். புத்தகத்துக்கு அரக்கே உத்தமம். சீக்கிரம் இறுகும், வாசனை தங்காது. எனாமல் அடித்த தட்டு என்றால் மேலே காய்ந்தது போல் தெரிந்தாலும் ஒரு வாரம், பத்து நாள் விட்டு அடுக்குங்கள். இல்லாவிட்டால் அட்டை பெயின்டோடு ஒட்டிக்கொண்டு கிழியும். கனத்த புத்தகங்கள் கீழ்த்தட்டுக்கு. பீரோவின் தலைப்பக்கத்தை ஓர் எல் ஆங்கிளால் சுவரோடு பிணைத்துவிடுங்கள், பிள்ளைகள் தட்டில் கால் வைத்து ஏறுவார்கள். வலைக் கதவு எலியைத்தான் தடுக்கும், இராமபாணப் பூச்சியைத் தடுக்காது. அதற்குப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்ட வேண்டும். எடுத்த கையோடு நாலு பக்கம் படித்தாலும் பூச்சிக்குப் பிடிக்காது.