ஆழ்சுரங்கத்தின் காற்றுக் கிணறு

குற்றாலச் சாரல் காலத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியே தென்காசிப் பக்கம் காற்று பாய்ந்து வருவதற்கு மலையின் இருபுறமும் நிலவும் அழுத்த வேறுபாடே முதற்காரணம். அம்மலையைக் குடைந்து 1904இல் திறக்கப்பட்ட கொல்லம் இருப்புப்பாதையின் குகைகளுக்கு இரண்டு வாய்கள் உண்டு என்பதால், காற்று ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளியேறிவிடும். பூமிக்குள் நேரே இறங்கும் சுரங்கத்துக்கோ அந்த இரண்டாம் வாயை மனிதனே தோண்டித் தரவேண்டும்.

தமிழ்த் தொழிலாளர் பல தலைமுறைகளாக உழைத்த கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம், 2001இல் மூடப்படுமுன் ஏறத்தாழ 3.2 கி.மீ. ஆழத்தை எட்டியிருந்தது, அங்கே பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைக் கடந்தது. கீழிறங்கும் காற்றும் அழுத்தம் கூடக்கூட 100 மீட்டருக்குச் சுமார் 1 டிகிரி வீதம் சூடேறும் என்பதோடு, வெடிப்புகையும் தூசியும் அதில் சேரும். ஆகவே, ஒரு ஷாஃப்ட், அதாவது செங்குத்து வழி, புதுக்காற்றைக் கீழே கொண்டுசெல்ல, மற்றொன்றின் வாயில் அமைந்த பெருவிசிறி கெட்ட காற்றை உறிஞ்சி வெளியேற்றும்.

அவ்வழி அகலமாக இருக்கவேண்டியதன் காரணம் வியப்புக்குரியது. ஒரே அளவு காற்றைச் செலுத்தத் தேவைப்படும் அழுத்தம் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், விட்டம் இருமடங்கானால் விசிறிக்கு வேண்டிய திறன் ஏறத்தாழ 32இல் ஒரு பங்காகிவிடும். தோண்டும் செலவு ஒருமுறைதான். மின்செலவோ சுரங்கம் இயங்கும் காலமெல்லாம் தொடர்வது.

வெடிவைத்துக் கிணறு வெட்டுவதுபோல் துளையிட்டு, வெடித்து, கல்லை மேலே தூக்கும் பழைய முறையில் ஆட்கள் குழியின் அடியிலேயே நிற்கவேண்டும். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ராபின்ஸ் நிறுவனம் உருவாக்கிய ‘ரெய்ஸ் போரிங்’ இயந்திரம் இதைத் தலைகீழாக்கியது. மேலே நிற்கும் இயந்திரம் முதலில் சிறுவிட்டத் துளை ஒன்றைக் கீழேயுள்ள சுரங்கப்பாதை வரை இறக்குகிறது. அங்கே துளைமுனையைக் கழற்றிவிட்டு, வெட்டுருளைகள் பதித்த அகன்ற தலையைத் துளைத்தண்டில் பூட்டி, சுழற்றியவாறே மேல்நோக்கி இழுக்கிறது. நொறுங்கும் பாறை தானே கீழே விழுவதால் அதை அங்கிருந்தே அள்ளிவிடலாம். வெட்டப்படும் குழிக்குள் எவரும் நிற்பதில்லை. பல மீட்டர் விட்டமுள்ள ஷாஃப்ட்டுகளும் இவ்வாறு அமைகின்றன.

முதல் துளை கோணினால் ஷாஃப்ட் முழுவதும் கோணும் என்பதால் அதை நேராக இறக்குவதே நுட்பமான கட்டம். மேலும், தலை உச்சியை அடையும்வரை சுவருக்குக் கான்கிரீட் பூச இயலாது. எனவே பாறை மாதிரிகளை முன்னரே எடுத்துச் சோதிப்பர். உதிரும் பாறையிலும், அடியில் பாதையே இல்லாத புதிய இடத்திலும் இம்முறை உதவாது. அங்கெல்லாம் மேலிருந்து தோண்டி இறங்கும் முறைகளே இன்றும் கைக்கொள்ளப்படுகின்றன.